கால் வைத்துச் சொன்னது

ஏப்ரல் 21, திங்கள்

கால் பயிற்சி கொடுக்க வரும் ஜெசிந்தா இன்றைக்கு எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாள். தினமும் எத்தனை அடி நடந்தேன், எங்கே வலித்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம். "மனசுல வெச்சிக்கிறன்" என்றேன். "மனசு கூட்டிச் சொல்லும் ஐயா. எழுதுங்க" என்றாள். பாங்கில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்தாயிற்று.

இன்று பூஜ்யம் அடி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். அதை நடை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பாள், விவரமாகவே எழுதுகிறேன். பெயர் தணிகாசலம், வயது ஐம்பத்தெட்டு. மண்டித் தெருவில் மல்லாட்டை வியாபாரம். மற்ற ஊர்களில் நிலக்கடலை என்பார்கள். பதினேழு வயதில் அதே தெருவுக்குக் கோணி தைக்க வந்தேன். இன்று அங்கே பெரிய மண்டி என்னுடையது. யாரும் தூக்கிவிடவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். குடியானவர் மூட்டையைக் கொட்டி அம்பாரம் போட்டதும் யாரும் விலை கேட்க மாட்டார்கள். முதலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு அம்பாரத்தில் கால் வைக்க வேண்டும். உள்ளங்காலால் அழுத்தினால், காய்ந்த மல்லாட்டை எதிர்த்து நிற்கும். ஈரம் இருந்தால் அடங்கிப் போகும். நான் சொன்ன பிறகுதான் ஏலம். ஈரம் பார்க்கிற மீட்டர் வந்து பத்து வருஷம் ஆகிறது. என் கால் இருக்கும்போது அது எதற்கு என்று தெருவே அதை அலமாரியில் வைத்துவிட்டது.

பங்குனியில் ஒரு அம்பாரத்துக்குள் உடைந்த கோணி ஊசி கிடந்திருக்கிறது. வலது காலில் ஏறிவிட்டது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூடத்தில் ரத்தத் தடம் பார்த்துப் பவுனுதான் கத்தினாள். பவுனு என் வீட்டுக்காரி. நாலாம் நாள் கால் கருத்தது. சர்க்கரை உள்ள உடம்பு. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 23, புதன்

நாலு அடி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு. அதற்கே சட்டை நனைந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

பதினோரு அடி. பெருவிரல்தான் ஆளை முன்னால் தள்ளிவிடுகிற விரல் என்பது அது போன பிறகு தெரிகிறது. அடி எடுத்தால் உடம்பு போகிறது, கால் பின்தங்குகிறது.

ஜெசிந்தா இன்று ஒரு பரீட்சை வைத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் உள்ளங்காலில் தொடுவாள். தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும். நான் வரிசையாக "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கண்ணத் தொறங்க ஐயா. கடைசி நாலு தடவ நான் தொடவே இல்ல."

அவள் தொடுகிற இடைவெளியை மனதில் எண்ணி, அந்தந்த நேரத்துக்கு ஆமா சொல்லியிருந்தேன். வியாபாரியைக் கண்ணை மூடச் சொன்னால் அவன் வேறென்ன செய்வான்?

"எத்தன நாளா இப்பிடி மரத்துப் போயிருக்கு?"

"ஊசி ஏறினதுலேருந்துதான்."

பவுனு ஓரமாக உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கீரையைப் பார்த்தாள்.

இனி வாழ்நாள் முழுக்க வெறுங்கால் கூடாது என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு. இன்னொரு முள் ஏறினால் மிச்சக் காலும் போகும்.

மே 1, வியாழன்

முப்பது அடி. யார் துணையும் இல்லாமல் குளியலறை வரை போய்வந்தேன். "மகாராசா பவனி வந்துட்டாரு" என்றாள் பவுனு. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

தாண்டவராயன் வந்திருந்தான்.

அவனைப் பற்றி எழுத வேண்டும். ஏழு மைல் தள்ளி கிராமம். இரண்டரை காணி நிலம், கிணற்றுப் பாசனம். போன வருஷம் சித்திரையில் அவன் சரக்கில் கால் வைத்து ஈரம் என்று தள்ளினேன். அவன், "நாலு வெயில் காயவெச்சன் மொதலாளி, நல்லாப் பாருங்க" என்றான். எடை கூடத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அன்று யாரும் விலை கேட்கவில்லை. மூட்டையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தெருவுக்கு வரவே இல்லை. அவன் சரக்கு ஈரம்தான். எனக்குத் தெரியும்.

இன்று ஆறு சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நடக்கறீங்களா?"

"நடக்கறன்."

"மண்டிக்கு எப்ப வருவீங்க?"

"ஏன்யா, என் மேல அவ்ளோ பாசமா?"

அவன் சிரிக்கவில்லை. "அறுவட முடிஞ்சி காய வெச்சி மூட்ட கட்டிட்டன். பதினெட்டு மூட்ட. வேற ஊருக்கு ஏத்தல. நீங்க வந்து கால் வெச்சப்புறம் இந்தத் தெருவுலதான் விக்கணும்னு வெச்சிருக்கன்."

"எடை போட கன்னியப்பன் இருக்கான், ஈரம் பாக்க மீட்டர் இருக்குது. நாளைக்கே கொண்டாயேன்."

"மீட்டர் எனக்கு வேணாம். போன வருஷம் நீங்க சொன்னதுலேருந்து ஊர்ல எம் பேரு தண்ணிதெளிச்சான். பால் சொசைட்டில எல்லாரு பாலையும் ஒரு தடவ பாக்கறான், எம் பால ரெண்டு தடவ பாக்கறான். எம் பொண்ணு கேன எடுத்துக்கினு போவ மாட்டேங்குது. உங்க காலாலதான் அந்தப் பேரு வந்துது. அதே காலாலதான் போவணும். எல்லாரும் நிக்கறப்ப நீங்க கால் வெச்சி சொல்லணும்."

"சரக்கு ஈரமா இருந்தா?"

"இருந்தா ஈரம்னு சொல்லுங்க."

பவுனு மோர் கொண்டுவந்தாள். வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

மே 7, புதன்

நடக்கவில்லை. வலி என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். வலி இல்லை.

மே 13, செவ்வாய்

அறுபத்திரண்டு அடி. வாசல் வரை.

எடை போடும் கன்னியப்பன் வந்தான். இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறான்.

"எப்பிடிடா ஓடுது?"

"மீட்டர்லதான் ஓடுது மொதலாளி. ஆனா ஜனத்துக்கு மனசு ஆறல. நம்பர் வருது, நம்பரப் பாத்துட்டு எல்லாம் நம்ம மூஞ்சப் பாக்கறான். மொதலாளி கால் வெச்சா ஒரே பேச்சு, முடிஞ்சுதுன்றான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

"தாண்டவராயன் என்னா பண்றான்?"

"மூட்டய வூட்லயே அடுக்கி வெச்சிக்கினு படுத்திருக்கான். ரெண்டு யாவாரி வூடு தேடிப் போயி கேட்டுட்டாங்க. குடுக்க மாட்டேன்றான். அவரு நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ன்றான்."

என் ஒவ்வொரு அடியையும் ஏழு மைலுக்கு அப்பால் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

மே 19, திங்கள்

விழுந்துவிட்டேன். பின்கட்டுக் குழாயடியில். பிடிமானம் விட்டு நாலு அடி வைக்கலாம் என்று பார்த்தேன். மூன்றாவது அடியில் கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். பார்த்ததும் சாய்ந்தேன்.

பவுனு ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஈரத் தரையில் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாளு" என்றாள். "காலைல நீங்க மண்டிக்குக் கெளம்பிப் போனீங்க. வாசப்படில உங்க வலது கால் செருப்பு கெடந்துது. ஒத்தச் செருப்போட தார் ரோட்டுல மண்டி வரைக்கும் போயிருக்கீங்க. நான் எடுத்துக்கினு பின்னால ஓடியாந்து குடுத்தன். மறந்துட்டன்னு சொன்னீங்க."

"மறந்துதான் போனேன்."

"சித்திர வெயிலு. தார் உருகிக் கெடந்துது. செருப்ப மறக்கலாம். சூட்ட மறப்பாங்களா?"

குழாயை எட்டித் திருகி மூடப் பார்த்தேன்.

"ரெண்டு வருஷமா தெனம் அம்பாரத்துல கால் வெச்சி என்னாதாங்க சொல்லிக்கினு இருந்தீங்க?"

இந்தப் பக்கத்தை ஜெசிந்தாவுக்குக் காட்டக் கூடாது.

மே 20, செவ்வாய்

அடிபடவில்லை. தையல் பிரியவில்லை. இருபது அடி.

மே 30, வெள்ளி

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. அளவெடுத்துச் செய்த செருப்பும் வந்தது. விரல் இல்லாத இடத்தில் ஸ்பாஞ்சு அடைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா தெருமுனை வரை கூடவே வந்தாள். நூற்றெண்பது அடி. "குதிகால், அப்புறம் நடுப்பாதம். கீழ பாக்காதீங்க ஐயா, நேரா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கீழ பாக்கலன்னா கால் எங்க இருக்குதுன்னே தெரியலம்மா."

இதை என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவள் நின்றாள்.

"இப்பதான் மொதல் தடவ உண்மையச் சொல்றீங்க" என்றாள். "இனிமே நடந்துடுவீங்க."

ஜூன் 3, செவ்வாய்

நேற்றும் இன்றும் மழை. கோடை மழை, நல்ல கனம். தாண்டவராயன் ஓட்டு வீட்டில் பதினெட்டு மூட்டை தரையில் அடுக்கியிருப்பான். பலகை போட்டிருப்பானா? கேட்டுச் சொல்லக் கன்னியப்பனுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டுக்குள் முந்நூறு அடி. கூடத்துக்கும் வாசலுக்கும் மாறி மாறி.

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த டைரி மாட்டுக் கழுத்து மணி மாதிரி என்னோடு சத்தம் போட்டுக்கொண்டே வரும்.

கால் மரத்தது ஒரே நாளில் இல்லை. முதலில் நுனி விரல் பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு உள்ளங்கால். ஒரு நாள் அம்பாரத்தில் கால் வைத்தேன், எதுவும் வரவில்லை. தெரு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "நல்லா காஞ்சிருக்கு" என்றேன். காய்ந்தும் இருந்தது. தப்பித்தேன். அப்புறம் கண்ணால் பார்த்து, நிறம் பார்த்து, கொண்டுவந்தவன் முகம் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது வருஷப் பழக்கம், முக்கால்வாசி சரியாகத்தான் இருந்தது. மீட்டரை எடுத்திருக்கலாம். எடுத்தால், அப்புறம் உன் கால் எதற்கு என்று தெருவில் எவனாவது கேட்பான்.

எல்லாவற்றையும் நல்ல சரக்கு என்று சொல்லிக்கொண்டே போனாலும் சந்தேகம் வரும். தள்ளத் தெரிந்த காலுக்குத்தான் மதிப்பு. அதனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தள்ளினேன். யாரைத் தள்ளுவது? ஊர்க்காரர் நாலு பேரோடு வருகிறவனைத் தள்ள முடியாது, சண்டைக்கு வருவான். பெரிய குடியானவனைத் தள்ள முடியாது, அடுத்த மண்டிக்குப் போவான்.

தாண்டவராயன் அன்றைக்குத் தனியாக வந்திருந்தான்.

அவன் சரக்கு ஈரமா இல்லையா, எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

நானூறு அடி, கோவில் வரை.

பவுனுவிடம் சொன்னேன். "வியாழக்கிழம ஏலத்துக்குப் போறன். தாண்டவராயனச் சரக்கு கொண்டாரச் சொல்லியாச்சி. செருப்பக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ கால் வெக்கறன். கலகலன்னு காஞ்சிருக்குதுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லிடறன். அவன் பேரு அவனுக்கு வந்துடும். விஷயம் முடிஞ்சுது."

வியாபாரமாகப் பார்த்தால் அதைவிட நல்ல யோசனை கிடையாது. யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்:

"அடுத்த வாரம் யாருத தள்ளுவீங்க?"

ஜூன் 11, புதன்

ஜெசிந்தா அடிக் கணக்கு மட்டும் கேட்டாள். ஐந்நூறு. நாளை மண்டிக்குப் போகிறேன் என்றேன். "செருப்பு?" என்றாள். "போட்டுக்கினுதான்" என்றேன். சொன்னபோது அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். வேண்டுமென்றே. விழுந்தால் எல்லோர் முன்னாலும் விழட்டும். ஆனால் விழவில்லை.

"மொதலாளி வந்துட்டாரு" என்று கன்னியப்பன் கத்தினான். வியாபாரிகள் பன்னிரண்டு பேர், குடியானவர்கள் நாற்பது பேர் இருக்கும். எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர், "என்னா தணிகாசலம், ரெண்டு வெரலு கொறைஞ்சாலும் வெல கொறைக்க மாட்டியே" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாண்டவராயன் சரக்கைக் கொட்டியிருந்தான். நல்ல நிறம். அம்பாரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சிரிக்காதவன் அவன் ஒருவன்தான்.

தெரு அடங்கிவிட்டது. நான் அம்பாரத்தின் ஓரம் வரை போனேன். கன்னியப்பன் குனிந்து என் செருப்பு வாரைக் கழற்றக் கை வைத்தான்.

"வுட்றா" என்றேன்.

அப்புறம் சொன்னேன். சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "இந்தக் காலுக்கு ஒண்ணும் தெரியாது. வெரலு போனதுனால இல்ல. அதுக்கு முந்தியே ரெண்டு வருஷமா மரத்துப் போச்சி. ஊசி ஏறினதே தெரியலன்னா மல்லாட்ட எப்பிடித் தெரியும்? ரெண்டு வருஷமா நான் கால் வெச்சி சொன்னதெல்லாம் கண்ணால பாத்து சொன்னது. போன வருஷம் இவனுத ஈரம்னேன். தெரியாம சொன்னேன். தனியா வந்திருந்தான், அதனாலதான் சொன்னேன்."

எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. "என் சரக்கத் தள்ளினியே, அது?" என்று ஒரு குரல். "நாங்க இவரு சொன்னத நம்பி வாங்கினமே" என்று ஒரு வியாபாரி. கிழவர் தரையில் துப்பினார். கன்னியப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தடியை ஊன்றிக்கொண்டு நின்றேன். நியாயமான சத்தம். நின்று கேட்க வேண்டியதுதான்.

தாண்டவராயன்தான் கிட்டே வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப இன்னிக்கி யாரு சொல்றது?"

மீட்டர் என்று வாய் வரை வந்தது. வேறொன்றைச் சொன்னேன். "நீ கால் வெச்சி சொல்லு."

எங்கள் தெருவில் விற்கிறவன் தன் அம்பாரத்தில் கால் வைத்தது கிடையாது. விற்கிறவன் காலுக்கு என்ன பேச்சு இருக்கிறது? "இது என்னா கூத்து" என்று ஒருவர் சொன்னார். தாண்டவராயன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டினான். காலை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு, இரண்டு காலையும் அம்பாரத்தில் வைத்தான். அழுத்தினான். நடுவுக்குப் போய் இன்னொரு தடவை அழுத்தினான். கண்ணை மூடியிருந்தான்.

அவனுக்குத் தெரிகிறது என்பதை அவன் முகத்தில் பார்த்தேன். எனக்கு ஒரு காலத்தில் தெரிந்த மாதிரியே.

"மேல நல்லாருக்கு" என்றான். "அடில ஈரம் வாங்கியிருக்கு. மழையில தரையில கெடந்த மூட்டைல ஓதம் ஏறியிருக்கு. இன்னும் ஒரு வெயில் வேணும்."

அத்தனை பேர் முன்னால். ஒரு வருஷம் காத்திருந்து.

கன்னியப்பன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்து வந்தான். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டான். நம்பரை உரக்கப் படித்தான். ஒரு வெயில் குறைவு. தாண்டவராயன் சொன்னதுதான்.

துப்பிய கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தண்ணி தெளிக்கிறவன் இத சொல்லுவானாய்யா?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

என் களத்தில் பரப்பிக் காயவைக்கச் சொன்னேன். தாண்டவராயன் கன்னியப்பனைப் பார்த்து, "களம் கூட்டியிருக்கா?" என்று கேட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடி எண்ணவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் மூன்று வியாபாரிகள் போன் செய்தார்கள். ஒருவர் திட்டினார். இருவர் இனி மீட்டர்தான் என்றார்கள். சரி என்றேன். என் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. இனி கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

பவுனு இட்லி வைத்தாள். "எங்க போவப் போறீங்க?" என்றாள். "களத்துக்கு" என்றேன். குடையை எடுத்துக் கொடுத்தாள்.

பதினோரு மணி வெயில். களம் முழுக்க மல்லாட்டை மெலிதாகப் பரப்பியிருந்தது. தாண்டவராயன் வெறுங்காலோடு அதற்குள் இறங்கி, காலை இழுத்து இழுத்து வரிவரியாகக் கிளறிக்கொண்டே போனான். அடியில் இருந்தது மேலே வந்தது. ஒரு கோடி வரை போவான், திரும்புவான். சிமெண்டு கொதித்திருக்கும். அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். அடிக்கடி காலை மாற்றி வைத்தான்.

நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவன் நாலு முறை என்னைத் தாண்டிப் போனான். ஐந்தாவது முறை நின்றான்.

"மொதலாளி."

"சொல்லு."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழலு மல்லாட்ட மேல வுழுது."

குடையை மடக்கினேன். குதிகால், நடுப்பாதம், அடுத்த கால் என்று நாலு அடி பக்கவாட்டில் வைத்து வெயிலில் நின்றேன். அவன் அந்த இடத்தையும் கிளறிவிட்டுப் போனான்.